வாசலில் விரித்த வலை

எங்கள் குப்பத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வாசலில் நின்று விசாரித்தால் அது பார்த்ததில் சேராது. உள்ளே போய், பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, கன்னத்தைத் தடவி, "இன்னாமே இப்பிடி எளைச்சிக்கீற" என்று சொல்லி, கொடுக்கிற டீயையும் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும். நோயாளியே எழுந்து போய் டீ போட்டாலும் தப்பில்லை. வராதவர்களை யாரும் மறக்க மாட்டார்கள்.

எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது சாவைப் பற்றிய பயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால், இத்தனை பேரும் வந்து பார்ப்பார்களே என்ற பயம் வந்துவிட்டது. அதுவும் கட்டி வந்த இடம் அப்படி. கால் முட்டியில் வந்திருந்தால் காட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நான் கூச்ச சுபாவம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நின்று தரையைத்தான் பார்ப்பேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குப்பத்துக்கு மருமகளாக வந்த பிறகும் அது போகவில்லை. மற்ற பெண்கள் கரையில் மீன் ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது நான் வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பேன். கருவாட்டிடம் பேச வேண்டியதில்லை.

என் நாத்தனார் வேறு மாதிரி. என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கரையில் ஏலம் விடுகிறவர். காற்று வாட்டமாக இருந்தால் அவர் குரல் அணுபுரம் வரைக்கும் கேட்கும் என்று கேலி பேசுவார்கள். வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருவில்தான். நாங்கள் குடியிருப்பது அவர் பிறந்த வீடு. அதனால் கதவைத் தட்டுகிற பழக்கமே அவருக்கு இல்லை. "என் ஆத்தா வூட்டுக்கு வர நான் யாரக் கேக்கணும்?" என்பார். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் வெளியே நின்றபடி பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

கொரோனா வந்து ஊரையெல்லாம் அடைத்த சமயத்தில் செங்கல்பட்டில் எனக்கு ஆபரேஷன் ஆனது. ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். துணைக்கு ஒருவரைத்தான் விட்டார்கள், வீட்டுக்காரர் இருந்தார். எந்தப் பக்கம் என்பதை அவர் தன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கும் கூச்சம். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். "இந்த மருந்து உங்க உடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தியக் கொறைச்சிடும். மத்தவங்களுக்கு இருமலோட போறது உங்களுக்கு அப்படிப் போவாது. மருந்தையும் நடுவுல விடக் கூடாது. ஊசி எல்லாம் முடியற வரைக்கும் வீட்டுக்குள்ள ஒருத்தரையும் சேக்காதீங்க. முகத்துக்காகப் பாக்காதீங்கம்மா."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போது யோசித்தேன். ஊசி, வாந்தி, முடி கொட்டுவது எல்லாவற்றையும் தாங்கிவிடலாம். "உள்ள வராதீங்க" என்று அண்ணியிடம் யார் சொல்வது? கருவாட்டைத் தூக்க வரும் காக்காயைக்கூட நான் வாயைத் திறந்து விரட்டியதில்லை.

வீட்டுக்காரர் தன்னைத்தானே முதலில் வெளியே தள்ளிக்கொண்டார். நாலு பேரோடு கரையில் நிற்கிறவன் உள்ளே வரக் கூடாது என்று, வாசலுக்கு எதிரே வலை வைக்கிற ஓலைக் கொட்டகையில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். எங்கள் மகளை சிங்கப்பெருமாள் கோயிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளும் போனில்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அண்ணி வந்து தட்டாமல் தள்ளினார், திறக்கவில்லை. "கதவு மாட்டிகிச்சு போலகீது, தோ ஒடைக்கிறேன்" என்று தோளைக் கொடுத்தார். நான் பயந்துபோய் ஜன்னல் வழியே, "தூங்கிகினு இருந்தேன் அண்ணி" என்று முனகினேன். "ஜன்னல்ல பாக்கறதுக்கு நீ இன்னா ஜெயில்லயாமே கீற?" என்றார். அன்றைக்குத் தப்பித்தேன்.

அப்போதுதான் எனக்கு வலை ஞாபகம் வந்தது.

கடலுக்குப் போகும் வலையை எங்கள் ஊரில் யாரும் தாண்ட மாட்டார்கள். அதிலும் பெண்கள் தாண்டினால் அந்த வலையில் மீனே படாது என்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இதில் எரிச்சல். தெருவில் யாராவது வலை விரித்து உலர்த்தினால், குடத்தைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் வரை சுற்றிக்கொண்டு வர வேண்டும். இத்தனை வருஷம் என்னைச் சுற்ற வைத்தது இப்போது எனக்கு உதவட்டும் என்று தோன்றியது. வாசல்படியிலிருந்து தெரு வரைக்கும் வலையை விரித்துவிட்டால்? நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வலை பேசும்.

கோழிக்கூண்டின் மேல் போட்டிருந்த பழைய வலையை இழுத்து வாசலில் விரித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அண்ணி வந்தார். குனிந்து ஒரு கண்ணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது செத்த வலைமே. இது கடலப் பாத்து எத்தினி காலமாச்சு!"

சொல்லிவிட்டுச் செருப்புக் காலோடு அதன் மேலேயே நடந்து உள்ளே வந்தார். பாயில் உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவினார். டீயும் குடித்தார். அவர் போன பிறகு நான் சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்த தேய்ப்பில் தோலே எரிந்தது. அந்த வாரம் முழுவதும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டேதான் அலைந்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. வலை என்றால் உயிருள்ள வலையாக இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருடைய நல்ல வலை, மிதவையும் ஈயக்குண்டும் புதிதாகக் கோத்தது. "வெயில்ல கெடந்தா நூலு இத்துப்பூடும்" என்றார்.

"நானு?" என்றேன்.

அவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். வலையைத் தூக்கிக்கொண்டு வந்து மிதவை தெருப்பக்கமும் ஈயம் என் பக்கமுமாக விரித்தார். கடலுக்குப் போகிற நாளில் விடியும் முன்னே எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் கரைக்குப் போய்விடுவார்கள். வந்ததும் மறுபடி வாசலில் உலரப் போட்டுவிடுவார். வெயில் ஏறினால் மேலே பழைய பாயைப் போர்த்திவிடுவார்.

மறுநாள் அண்ணி வந்து மிதவை ஓரத்தில் நின்றார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு கீழே வைத்துவிட்டார். தம்பியின் வலை, அதில் வருகிற மீனை ஏலம் விடுவதும் அவர்தான்.

"ஏன்டா, வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"இங்கதான்க்கா காத்து நல்லா வருது" என்றார் இவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"பின்பக்கமா வாங்களேன்" என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணி மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பின்வாசல் பூனைக்கும் எனக்கும். பிறந்த வீட்டுக்குப் பின்வாசலால் வருவதா? அவர் அங்கேயே, மிதவை ஓரத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தைத் தடவ முடியாததால் அங்கிருந்தே கத்தி விசாரித்தார். என் வாந்தி, பேதி எல்லாம் தெருவுக்கே தெரிந்தது. ஆனாலும் உள்ளே வரவில்லை.

அதிலிருந்து மத்தியானமானால் அந்த ஓரத்தில் கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கொரு இடம் விட்டு உட்காரச் சொல்லி வீட்டுக்காரர் மண்ணில் கோடு போட்டார். நான் படியில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடுவில் வலை. எல்லோரும் என்னோடு பேசுவதாகப் பேர். பார்வையெல்லாம் என் முந்தானையில். எந்தப் பக்கம்? அதுதான் ஊரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. நேராகக் கேட்க அவர்களுக்கும் வாய் வரவில்லை.

எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. ஒரு நாள் முந்தானையை இடது பக்கம் தாராளமாக இழுத்துவிட்டு, வலது கையைத் தூக்க முடியாதவள் போல உட்கார்ந்தேன். அடுத்த முறை அப்படியே மாற்றினேன். துண்டை மடித்து இந்தப் பக்கம் வைப்பேன், இன்னொரு நாள் அந்தப் பக்கம். ஒரு நாள் இரண்டு பக்கமும் வைத்தேன். அன்றைக்கு ஓரத்தில் சண்டையே வந்துவிட்டது.

"எடதுன்னு நான் சொல்லல?"

"போமே, எடது கையாலதான் இப்ப சொம்பத் தூக்குச்சு."

"அப்ப ஆபரேஷனே பண்ணலியா?"

அண்ணிதான் அடக்கினார். "வாய மூடுங்கடி. என் தம்பி பொண்டாட்டிக்கு எங்க இருந்தா ஒங்களுக்கு இன்னா!" சொல்லிவிட்டு அவரும் கழுத்தை எக்கிப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

மருந்து ஏற்றிய பிறகு வரும் நாட்கள் மோசம். நாக்கில் இரும்பு வைத்த மாதிரி இருக்கும். மீன் வாசம் ஆகவே ஆகாது. மீன் பிடிக்கிறவர் வீட்டில் பிறந்து, மீன் பிடிக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, மீன் என்றால் ஓடினேன். கொட்டகைப் பக்கம் மூன்று கல் வைத்து வீட்டுக்காரர் கஞ்சி காய்ச்சுவார். அதை எனக்குக் கொடுப்பதற்குப் படகுத் துடுப்பைப் பயன்படுத்தினார். துடுப்பின் தட்டையான முனையில் கிண்ணத்தை வைத்து, வலைக்கு மேலே நீட்டி, படியில் இறக்கிவிடுவார். முதல் நாள் கஞ்சி முழுவதும் வலைக்குப் போனது. அப்புறம் கை தேறிவிட்டது. கிண்ணத்தில் சில நாள் கஞ்சியோடு ஊறுகாயும், ஒரு நாள் ஒரு முழம் கனகாம்பரமும் வந்தது. எனக்கு அப்போது தலையில் ஒரு முடி இல்லை. கதவுத் தாழ்ப்பாளில் சுற்றி வைத்தேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

செங்கல்பட்டுக்குப் போக பஸ் இல்லை. மீன் ஏற்றிப் போகும் வண்டிக்கு மட்டும் அனுமதி உண்டு. பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூக்கில் எலுமிச்சம்பழத்தை அழுத்திக்கொண்டு போவேன். கஷ்டம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் மற்றவர்களையெல்லாம் தள்ளி நில்லுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். என்னைச் சுற்றி மட்டும் தானாகவே இடம் காலியாக இருக்கும்.

வலைக்குக் கட்டுப்படாத ஆளும் ஒருத்தி வந்தாள். வீடு வீடாக ஜுரம் பார்க்க வந்த பெண், திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். அவளுக்கு வலை வெறும் வலைதான். பாதி தாண்டிவிட்டாள். மொத்தத் தெருவும் ஒரே குரலில் அலறியது. பாம்பு என்று நினைத்து அவள் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். முன்னே வரவும் பயம், பின்னே போகவும் பயம். "அப்பிடியே வந்த வழியா போம்மா" என்று அண்ணி ஏலக் குரலில் வழி சொல்லி வெளியே எடுத்தார். இனி இந்த வலை அவ்வளவுதான் என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். மறுநாள் அதே வலையில் சங்கரா மீன் அள்ளிக்கொண்டு வந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுபடி தாண்ட ஆரம்பித்துவிட்டால்?

ஊசிகளில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அப்போது அண்ணியின் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். கூட்டம் கூடாது என்பதால் வீட்டோடு, சொந்தம் மட்டும். எங்கள் சொந்தம் மட்டும் என்றாலே ஒரு பஸ் நிறையும். தாய்மாமன் என்று என் வீட்டுக்காரர் போயே ஆக வேண்டும். தாய்மாமனையும் அவர் பெண்டாட்டியையும் முதலில் அழைக்க வேண்டும். அதுவும் நெற்றியில் கையால் குங்குமம் வைத்துத்தான். வாயால் மட்டும் சொல்வதை அழைப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணி பட்டுப்புடவையில், தாம்பாளத்தோடு மிதவை ஓரத்தில் வந்து நின்றார். வழக்கம்போல் கத்தவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"வலைய எடுக்கச் சொல்லு. குங்குமம் வெச்சிட்டு அஞ்சு நிமிசத்துல போயிடறேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிகினு கீறியா? காத்துக்காவ வலை போட்டானாம். என்னியத் தடுக்கத்தான் போட்டீங்க. நான் பொறந்த வூட்டு வாசல்ல எனக்கே வலை."

அண்ணியின் கண் கலங்கியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். "வாங்க அண்ணி" என்று சொன்னால் போதும். டாக்டரம்மாவின் முகம் ஒரு பக்கம், அண்ணியின் கண் ஒரு பக்கம். என் வாய் "வா" வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் சொன்னேன்:

"எனக்குப் பயமாக்கீது அண்ணி. செத்துப்பூடுவேனோன்னு பயமாக்கீது."

அவ்வளவு பேர் முன்னால் நான் அவ்வளவு பெரிய வாக்கியம் பேசியதே இல்லை. அண்ணி தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த துடுப்பைப் பார்த்தார்.

"டேய், அத எடு" என்றார் தம்பியிடம்.

துடுப்பின் கைப்பிடி நுனியைக் குங்குமத்தில் தோய்த்தார். இரண்டு கையாலும் பிடித்து வலைக்கு மேலே நீட்டினார். துடுப்பு கனம்; முனை ஆடியது. நான் படியில் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் குத்து மூக்கில் விழுந்தது. "ஆடாதமே!" என்றார். நான் ஆடவில்லை. இரண்டாவது குத்து முக்காட்டில் மாட்டி அதை இழுத்துக்கொண்டு போனது. என் மொட்டைத் தலை வெயிலில் பளபளவென்று ஊருக்கே தெரிந்தது. முக்காட்டை எடுக்க நான் குனிய, மூன்றாவது குத்து உச்சந்தலையில்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். அண்ணி துடுப்பை ஊன்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அளைச்சாச்சு! எல்லாரும் பாத்தீங்க இல்ல? என் தம்பி பொண்டாட்டிய மொறையா அளைச்சாச்சு!" என்று ஏலம் முடிந்த மாதிரி மூன்று தரம் சொன்னார்.

நிச்சயத்துக்கு நான் போகவில்லை. போனவர்களில் பல பேருக்கு அடுத்த வாரமே ஜுரம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஜுரம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நாள் அவர் அடுப்பில் சுட்ட கருவாடு தீய்ந்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அவர் மட்டும் அதன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வாசனையே தெரியாமல் போய், அவருக்கும் கொரோனா வந்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு துடுப்பு என் பக்கம் வந்தது. நான் கஞ்சி காய்ச்சித் தள்ளினேன். எனக்கும் முதல் நாள் கஞ்சி வலைக்குத்தான் போனது.

அண்ணிக்கு மூச்சு முட்டியது. செங்கல்பட்டுக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அதே ஊரில், வேறு கட்டிடத்தில், எனக்கு ஊசி போட்ட நாளிலும் அவர் அங்கே ஆக்சிஜனோடு கிடந்தார். போய்ப் பார்க்க முடியவில்லை. உடம்பு முடியாதவரைப் போய்ப் பார்க்காதவர்களில் நானும் சேர்ந்தேன். வண்டியில் திரும்பும்போது எலுமிச்சம்பழத்தை முகர மறந்து அழுதுகொண்டே வந்தேன்.

அண்ணி பிழைத்து வந்தார். குரல் மட்டும் பாதியாகிவிட்டது. ஏலத்தை உட்கார்ந்துகொண்டு விடுகிறார். எனக்கும் ஊசியெல்லாம் முடிந்து, ரத்தமும் தேறி, "இனி ஒருத்தர் ரெண்டு பேர் மாஸ்க் போட்டுகிட்டு வரலாம்மா" என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்காரர் வலையை வாசலிலிருந்து எடுத்துவிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி உள்ளே வந்தார்.

ஆனால் அண்ணி வரவில்லை. அதாவது, வந்தார். மிதவை இருந்த ஓரத்தில், அதே இடத்தில், மாஸ்க்கால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் வெறும் மண்தான் கிடந்தது.

"வாங்க அண்ணி. வலை இல்லியே."

"இருக்கட்டும்மே. அன்னிக்கு உனக்குக் குங்குமம் வெக்க வந்தப்பவே எனக்குத் தொண்ட கரகரன்னு இருந்துச்சு. ஒன்னும் இல்லன்னு நெனைச்சிகினு வந்தேன். நீ உள்ள விட்டிருந்தா…" மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு இங்கியே போதும். காத்து நல்லா வருது."

ஒரு வாரம் போல அப்படியே நடந்தது. நான் கூப்பிடக் கூப்பிட அவர் காற்று நல்லா வருது என்றார். சத்தமாகக் கூப்பிட எனக்கு வரவில்லை. மெதுவாகக் கூப்பிட்டால் அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

பிறகு ஒரு மத்தியானம் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்தேன். துடுப்பின் கைப்பிடி நுனியைத் தோய்த்தேன். படியில் நின்று இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு பக்கத்துக் கை இன்னும் சரியாகத் தூக்க வராது. துடுப்பு பாட்டுக்கு ஆடியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். எந்தக் கை சிரமப்படுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களும் உண்டு.

"இன்னாமே பண்ற? கண்ணுல குத்தாதடி!" அண்ணியின் பாதிக் குரலே எனக்கு முழுக் குரலாகக் கேட்டது.

மூக்கில் வைத்தேன். அவர் துடைத்துக்கொண்டு முறைத்தார். சிரிப்பு வருவதை அடக்குவது மாஸ்க்குக்கு மேலேயே தெரிந்தது.

"அளைச்சாச்சு. வாங்க" என்றேன்.

"நான் வரமாட்டேன்."

"வந்தா எந்தப் பக்கம்னு சொல்றேன்."

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணி என்னைப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்தார். மணலைத் தட்டினார். வலை கிடந்த இடத்தின் ஓரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு நொடி கால் நின்றது. பிறகு தாண்டி, நேராக உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"கதவச் சாத்துமே" என்றார். "அவளுங்க எட்டிப் பாக்கறாளுங்க."

சாத்தினேன். காதில் சொன்னேன்.

"சே! நான் மத்தப் பக்கம்னு சத்தியம் பண்ணிகினு இருந்தேன்" என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "டீ போடு" என்றார்.